ஆமை மரகதம் ஆட்சேபம் தெரிவித்த வரலாறு

இணைய வசதி எட்டிவிட்ட ஒரு காட்டில் மரகதம் என்னும் ஆமை வாழ்ந்து வந்தாள். ஆனைமடு என்னும் குளத்தின் கீழ்க்கரை மணலைத் தோண்டி முட்டையிட்டு, மூடி, மேலே தட்டிச் சமன்செய்து, இனிக் குஞ்சுகள் வெளிவரும்வரை தண்ணீரில் மிதந்தபடி காவலிருந்தால் போதும் என்று நிம்மதியாக இருந்தாள். குடிமக்கள் நிம்மதியாக இருப்பதை எந்த அரசுதான் நெடுநாள் பொறுத்துக்கொள்ளும்?

ஒருநாள் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து கரை நெடுகச் சுண்ணாம்புக் கோடு போட்டன. மரகதம் தலையை நீட்டினாள்.

"என்னப்பா இது?"

"குளத்த அழகுபடுத்துறோம்மா. கரை முழுக்க சிமெண்ட் போட்டு, ராஜா வாக்கிங் போறதுக்குப் பாதை வருது."

"அடப்பாவிகளா, கீழ்க்கரையில என் முட்டை இருக்கே!"

"அத எங்ககிட்ட சொல்லி என்ன பண்றது? நாங்க காண்ட்ராக்ட்காரங்க. தோண்டச் சொன்னா தோண்டுவோம். ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க."

மரகதம் புறப்பட்டாள். ஆமை நடை என்றாலும் தாய் நடை அல்லவா? மூச்சிரைக்க நடந்து காட்டு நிர்வாக அலுவலகத்தை அடைந்தாள். அங்கே செயலர் ஏகாம்பரம் என்னும் நரி, குளிர்சாதன அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"மனுவைக் கையில் வாங்கும் காட்டுமிராண்டிக் காலமெல்லாம் போய்விட்டது அம்மா" என்றார் நரியார். "மன்னர் 'காட்டுக்குரல்' என்றொரு தளத்தைத் தொடங்கிவைத்திருக்கிறார். குளப் பாதை குறித்து அங்கே கருத்துக்கேட்பு நடக்கிறது. உங்கள் குரலை அதில் பதிவு செய்யுங்கள்."

"இதோ எதிரிலேயே நிக்கிறேன். என் குரல் உங்களுக்குக் கேக்குதுல்ல?"

"கேட்கிறது. ஆனால் பதிவாகவில்லை."

அன்பர்களே, இந்த விடையின் ஆழத்தைச் சற்றே சிந்தியுங்கள். முன்பெல்லாம் அரசுக்குக் காது இல்லை என்றுதான் குறைப்பட்டோம். இப்போது காது இருக்கிறது. அது வேறொரு முகவரியில் இருக்கிறது.

குளத்தருகே நின்ற கைப்பேசிக் கோபுரத்தின் உச்சியில் குடியிருந்த தணிகாசலம் என்னும் குரங்கு மரகதத்துக்கு உதவ முன்வந்தான். அவனுடைய கைப்பேசியில் தளம் திறந்தது. 'நீங்கள் இயந்திரம் அல்லர் என்பதை மெய்ப்பிக்க, புலி உள்ள படங்களை எல்லாம் தொடுக' என்றது திரை. முதல் படத்தைக் கண்டதுமே மரகதத்தின் தலை ஓட்டுக்குள் போய்விட்டது. அது மெல்ல வெளியே வந்தபோது, 'நேரம் முடிந்தது, மீண்டும் முயல்க' என்று மேலும் பெரிய புலிகளைத் திரை காட்டியது. தலை மீண்டும் உள்ளே போயிற்று.

"படந்தான் அத்தை, கடிக்காது!"

"எனக்குத் தெரியுதுடா. இந்தக் கழுத்துக்குத் தெரியலையே."

கடைசியில் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்ள, "இன்னும் கொஞ்சம் மேல... அங்கதான், தொடுங்க" என்று தணிகாசலம் வழிகாட்ட, ஒருவாறு உள்ளே நுழைந்தார்கள். மரகதம் தன் ஆட்சேபத்தைச் சொல்லச் சொல்ல அவன் பதிவு செய்தான். குளக்கரை எல்லா உயிர்களுக்கும் பொது என்பது, முட்டையுள்ள மண்ணைத் தோண்டுவது பழைய காட்டுச் சட்டத்துக்கே விரோதம் என்பது, மன்னர் நடக்கவேண்டுமானால் மேல்கரை காலியாகக் கிடக்கிறது என்பது. சட்டம் படித்தவர்களும் மெச்சும்படி இருந்தது அந்த ஆட்சேபம்.

கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. 'தங்கள் ஆட்சேபம் பரிசீலிக்கப்பட்டு, தீர்வு காணப்பட்டது.'

மரகதம் கரையைத் திரும்பிப் பார்த்தாள். சுண்ணாம்புக் கோடு அப்படியே இருந்தது.

"என்ன தீர்வுடா கண்டாங்க?"

"உங்க மனுவ மூடுறதுக்கு ஒரு வழி கண்டுட்டாங்க அத்தை" என்ற தணிகாசலம், விதிகளைப் படித்து முகம் வாடினான். "வந்த குரலுக்கெல்லாம் தீர்வு கண்டாச்சுன்னா கருத்துக்கேட்பு முடிஞ்சிடும். முடிஞ்சா உடனே தோண்டலாமாம். இதுவரைக்கும் வந்த குரல் உங்களோடது ஒண்ணுதான். நாளைக்குள்ள வேற குரல் வரலேன்னா அவ்வளவுதான்."

மரகதம் தளரவில்லை. குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்த விலங்குகளை எல்லாம் நிறுத்தி ஓர் உரை நிகழ்த்தினாள். "இன்னைக்கு என் முட்டை. நாளைக்கு உங்க வளை, உங்க கூடு. விரல் நுனியில உரிமை வந்து நிக்குது. அத எடுத்துப் பேசாதவன் எதுக்குக் குடிமகன்?" என்று கேட்டாள். முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பங்கஜம் என்னும் எருமை உணர்ச்சிப்பெருக்கில் ஒரு பெருமூச்சு விட்டாள். குளத்தில் அலை எழுந்தது. விடிந்ததும் அனைவரும் பதிவு செய்வோம் என்று உறுதிபூண்டு கலைந்தார்கள்.

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலையில் கருத்துக்கேட்புப் பக்கம் நிரம்பி வழிந்தது. மரகதம் ஆவலோடு பார்த்தாள். ஒரு செந்தாமரை, அதன்மேல் பனித்துளி, கீழே 'இனிய காலை வணக்கம்'. அடுத்து ஒரு குத்துவிளக்கு. அடுத்து, ஆவி பறக்கும் காபிக் கோப்பை. அதன் அருகே 'இன்றைய நாள் இனிதாகட்டும்'. இப்படியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை பூவும் விளக்கும் காபியும். முட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மரகதம் சேற்றில் படுத்திருந்த எருமையிடம் பாய்ந்தாள். ஆமைக்கு இயன்ற பாய்ச்சல்.

"பங்கஜம் அக்கா! என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏண்டி, தாமரை நல்லா இல்லையா? தேடித் தேடி எடுத்தேன்."

"விஷயத்த எழுதலையே!"

"முதல் தடவை ஒரு இடத்துக்குப் போறோம். வணக்கம் சொல்லாம, எடுத்த எடுப்புல சண்டைக்கா நிப்பாங்க? நான் வணக்கம் வச்சேன். மான் பதில் வணக்கம் வச்சுது. அதுக்கு நான் வைக்கலேன்னா என்ன நினைக்கும்? அப்படியே போயிட்டிருக்கு. முடிஞ்சதும் விஷயத்துக்கு வர்றோம்."

மரகதம் கொதித்துப்போனாள். "குடிமையுணர்வு செத்துப்போச்சு!" என்று கரையெங்கும் கத்தினாள். அதைக் கேட்டு வெட்கமடைந்த முயல் மட்டும் பூவை விட்டுவிட்டு, முறையான ஆட்சேபம் ஒன்றை எழுதியது. கண் இமைப்பதற்குள் 'தீர்வு காணப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. முயலின் குரல் மூடப்பட்டது.

ஆனால் எருமையின் தாமரை மூடப்படவில்லை.

இங்கேதான் அரசு இயந்திரம் திணறியது. புகார் இருந்தால் தீர்வு காணலாம். காலை வணக்கத்துக்கு என்ன தீர்வு? தளம் வேறு வழியின்றி 'நன்றி' என்றது. அரசே தம்மிடம் பேசிவிட்டதென்று பூரித்த விலங்குகள் 'நன்றிக்கு நன்றி' என்றன. தளம் அதற்கும் நன்றி சொன்னது. தீர்வு காணாத குரல்கள் ஒவ்வொரு விடியலிலும் பெருகின. கருத்துக்கேட்பை முடிக்க வழியில்லை. பன்றிகள் சுண்ணாம்புக் கோட்டின்மேல் படுத்துத் தூங்கின.

நரியார் பொறுமையிழந்து சிங்கராஜாவிடம் ஓடினார். "மன்னா, ஒரே குப்பை. பக்கத்தையே அழித்துவிட அனுமதி தாருங்கள்."

சிங்கம் திரையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தது. பூக்கள், விளக்குகள். அதன் பிடரி சிலிர்த்தது.

"ஏகாம்பரம், தினமும் விடிந்ததும் மக்கள் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். இதையா குப்பை என்கிறாய்? என் தந்தைக்குக்கூட இப்படி யாரும் சொன்னதில்லை. ஒரு பூவை அழித்தாலும் உன் வாலை அறுத்துவிடுவேன்."

செய்தியைக் கோபுர உச்சியிலிருந்து தணிகாசலம் கொண்டுவந்தான். மரகதம் சட்டம், நியாயம், உரிமை எல்லாவற்றையும் மனத்துக்குள் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"தம்பி, ரோஜாப்பூப் படம் எங்கடா கிடைக்கும்?"

அன்று முதல் காட்டிலேயே முதலாவதாக எழுந்து வணக்கம் சொன்னவள் மரகதம். அத்தோடு நில்லாமல் கரை கரையாகச் சென்று பரப்புரையும் செய்தாள். "காலையில மட்டும் போதாது, மாலை வணக்கமும் வைங்க! வெள்ளிக்கிழமைன்னா தனி வாழ்த்து! யாரும் மறந்தும் விஷயத்த எழுதிடாதீங்க, கெட்டுப்போயிடும்!"

கீழ்க்கரை மணல் ஒருநாள் லேசாக அசைந்தது. சின்னஞ்சிறு தலை ஒன்று வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று. தூங்கும் பன்றிகளின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. மரகதம் ஆட்சேபம் ஏதுமின்றி அழுதாள்.

கருத்துக்கேட்பு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. கருத்து எதைப் பற்றியது என்பது அரசருக்கும் நினைவில்லை.

நீதி: குடிமைக் கடமையாற்ற விழைவோர் நியாயத்தை எடுத்துச் சொல்லி அரசுக்குத் தீர்வு காணும் வாய்ப்பை அளித்துவிடலாகாது, வணக்கம் சொல்லி வழியை அடைத்துக்கொண்டு நிற்பதே போதும்.