கேசரியின் புரட்டாசி விரதம்

"ஏங்க, கேசரி வாயிலேர்ந்து எச்சில் ஒழுகுது! கொஞ்சம் வந்து பாருங்களேன்!"

பஞ்சவர்ணம் கூடத்திலிருந்து கத்தியபோது, வீரராகவன் இரண்டாவது தடவையாகப் போட்டுக்கொண்ட தயிர்சாதத்துக்குத் தோதாக மாவடு ஜாடியைத் துழாவிக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு ஓடினார்.

கேசரி அவர்கள் வீட்டுப் பூனை. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். டிவி ஸ்டாண்டுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. முன்னங்காலால் வாயைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது. அதன் கிண்ணத்தில் தயிர்சாதம் வைத்தது வைத்தபடி இருந்தது.

அன்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பஞ்சவர்ணம் விடியற்காலையிலேயே குளித்து, பெருமாளுக்குத் தளிகை போட்டு, பெரிய தவலையில் கலந்த தயிர்சாதத்தைத் தெருவில் இருபத்திரண்டு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

மகன் கௌதமுக்கு வேலை கிடைத்தால் குடும்பமே ஐந்து வருடம் புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி தொடாது என்று திருவள்ளூர்ப் பெருமாளிடம் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். கௌதமுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவன் புனேவில் உட்கார்ந்து வாரம் இரண்டு பிரியாணி சாப்பிடுகிறான். வேண்டுதலை நிறைவேற்றும் பொறுப்பு அப்பா தலையிலும் பூனை தலையிலும் விழுந்தது.

பூனையைப் பார்த்ததுமே வீரராகவன் திருதிருவென்று விழித்தார். காரணம் உண்டு. அதை வெளியே சொல்ல முடியாது.

முந்தின நாள் சாயந்திரம், ஆவடி தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், மார்க்கெட் ஓரத் தள்ளுவண்டியில் வஞ்சிரம் வறுக்கிற வாசனை வந்தது. ஸ்கூட்டர் தானாக நின்றது என்றுதான் அவர் இன்றுவரை நம்புகிறார். ஒரு துண்டு தின்றார். இரண்டாவது துண்டையும் தின்றார். அதற்கு அப்புறம்தான், வீட்டில் தயிர்சாதத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் கேசரியின் மேல் அவருக்குப் பரிதாபம் பொங்கியது. மூன்றாவது துண்டை வாங்கி, முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடியும் தடவிப் பார்த்து, சில்வர் தாளில் மடித்தார். இருபத்தாறு வருடமாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறவர். அவர் பாஸ் பண்ணின துண்டில் முள் இருக்காது.

காலையில் தோதாகக் கொடுக்கலாம் என்று பொட்டலத்தைப் பின்பக்கத்து ஸ்கூட்டர் ஷெட்டில் அலமாரித் தட்டில் ஒளித்து வைத்தார். காலையில் பார்த்தால் தாள் மட்டும் நக்கித் துடைத்த மாதிரி தரையில் கிடந்தது. நமக்கு வேலை மிச்சம் என்று தாளைச் சுருட்டி எறிந்துவிட்டார்.

இப்போதுதான் ஞாபகம் வந்தது. அதே ஷெட்டில், வியாழக்கிழமை, ஸ்கூட்டர் ஒயரை எலி கடிக்கிறது என்று சிவப்பாக ஒரு எலி மருந்து கேக்கை அவரே வைத்திருந்தார். வைக்கக் கூடாது என்று பஞ்சவர்ணம் தலைபாடாக அடித்துக்கொண்ட பிறகு, அவளுக்குத் தெரியாமல் வைத்தது.

ஷெட்டுக்கு ஓடினார். கேக் இருந்த இடத்தில் கேக் இல்லை.

மனிதருக்குக் கண்ணைக் கட்டியது. தினமும் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கேட்டில் வந்து உட்காருகிற ஒரே ஜீவன் அது. பஞ்சவர்ணம்கூட சீரியல் பார்த்துக்கொண்டே "வந்துட்டீங்களா" என்பாள், அவ்வளவுதான். அதை நாமே கொன்றுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். உடனே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கூடத்துக்கு வந்தார்.

"என்னத்தைத் தின்னு தொலைச்சுதோ! தயிர்சாதத்தைத் தொட்டுச்சாங்க?" என்றாள் பஞ்சவர்ணம். அவள் நெற்றியில் காலையில் இட்ட நாமம் இன்னும் கலையாமல் இருந்தது.

அந்த நாமத்தைப் பார்த்ததும் வீரராகவனின் வாய் தன் போக்கில் போய்விட்டது.

"தின்னுச்சே! நானே பார்த்தேன். ரெண்டு வாய் தின்னுச்சு."

பக்கத்து வீட்டு முனியன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

"இன்னா சார், மூஞ்சி வெளுத்துப்பூட்ச்சு? பூனைக்கு இன்னா? அட, உப்புத் தண்ணி ஊத்து சார், அல்லாம் வெளிய வந்துரும். எங்க தெரு நாய்க்கு ஒரு தபா நான்தான் ஊத்துனேன்."

"பொழைச்சுதா?"

"அது தெரியாது சார். ஓடிப்பூட்ச்சு."

வேறு வழி தெரியாமல் ஒரு ஸ்பூன் ஊற்றினார்கள். முக்கால் ஸ்பூன் வீரராகவன் சட்டையில் விழுந்தது. கேசரி அவர் முழங்கையில் நான்கு கோடு போட்டுவிட்டு முன்னைவிட அதிகமாக எச்சில் வடித்தது. கடைசியில் இரண்டு காய்கறிக் கூடைகளை வாயோடு வாய் வைத்து, வேட்டியால் கட்டி, நடுவில் பூனையை அடைத்து, முனியனின் ஆட்டோவில் ஸ்டேஷன் ரோட்டுக் கால்நடை கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டர் ஷோபனாவுக்குச் சின்ன வயசு. உதவிக்குப் பூங்காவனம் என்ற அம்மாள் இருந்தாள். கூடையைத் திறந்த கையோடு அந்த அம்மாளும் இரண்டு கோடு வாங்கிக்கொண்டாள்.

"உப்புத் தண்ணி ஊத்தினீங்களா? வீட்ல வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. விஷம்னு சந்தேகம் வந்தா, என்ன தின்னுச்சோ அந்த பாக்கெட்டைக் கையோட எடுத்துக்கிட்டு நேரா இங்க வரணும். சொல்லுங்க, என்ன சாப்பிட்டுச்சு?" என்றாள் டாக்டர்.

"தயிர்சாதம்" என்றார் வீரராகவன்.

"அது பூனை சார்" என்றாள் டாக்டர்.

"எங்க வீட்ல புரட்டாசிங்க" என்று முந்திக்கொண்டாள் பஞ்சவர்ணம். "பூனையும் விரதம்தான்."

"வெளியில எங்கயாவது போய்த் தின்னிருக்கலாம். எலி மருந்து ஏதாவது?"

"வாய்ப்பே இல்ல டாக்டர். தெருவுல நாய் குட்டி போட்டிருக்குன்னு நாலு நாளா வெளியவே விடலை. வீடு, பின்னாடி ஷெட்டு, அவ்வளவுதான். வேற யார் குடுத்தாலும் வாங்காது. என் கையால திங்கும், இவர் கையால திங்கும்."

வீரராகவன் சுவரில் இருந்த மாட்டுப் படத்தை ரொம்ப ஊன்றிப் படித்தார்.

"வாயைத் திறந்து பார்க்கணும். லேசா மயக்கம் குடுத்துப் பார்த்துடலாமா?"

"அதெல்லாம் வேணாம் டாக்டர், பாவம் வாயில்லா ஜீவன். ஊசி மட்டும் போடுங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

டாக்டர் யோசித்தாள். "அப்போ அந்தத் தயிர்சாதத்துலதான் ஏதோ இருக்கணும். அதை வேற யாராவது சாப்பிட்டீங்களா?"

"பெருமாளுக்குப் படைச்சது டாக்டர்" என்றாள் பஞ்சவர்ணம் மெதுவாக. "படைக்கிறதுக்கு முன்னாடி ருசிகூடப் பார்க்கல. இருபத்திரண்டு வீட்டுக்குக் குடுத்திருக்கேன்."

வீரராகவன் வாயைத் திறப்பதற்குள் அவள் தெரு நலச்சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள்: 'யாரும் எங்க தயிர்சாதம் சாப்பிடாதீங்க. பூனை சீரியஸ்.'

கால் மணி நேரத்தில் தெரு முழுக்கக் கிளினிக்குக்கு வந்துவிட்டது. முதலில் வந்தவர் சங்கத் தலைவர் சிவராமன். வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"ரெண்டு கிண்ணம் சாப்பிட்டேன் வீரராகவன். மெசேஜைப் பார்த்ததிலேர்ந்து குடலைப் புரட்டுது."

"மெசேஜுக்கு முன்னாடி?"

"நல்லா தூங்கிக்கிட்டிருந்தேன்."

தாட்சாயிணி இரண்டு பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தர் நாக்கை நீட்டி எல்லோரிடமும் காட்டினார். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"நான் கால்நடை டாக்டர்ங்க! நீங்கள்லாம் ஜி.ஹெச்.சுக்குப் போங்க!" என்று கத்தினாள் ஷோபனா.

"அங்க கூட்டம் இருக்கும்மா" என்றார் சிவராமன். "பூனைக்கு என்ன ஊசி போடுவீங்களோ அதையே கொஞ்சம் கூடப் போட்டு விடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பஞ்சவர்ணம் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"எல்லாம் என் தப்புதாங்க. நான் பண்ணின பாவம். பெருமாள் என்னைத்தான் தண்டிக்கிறார்."

வீரராகவனுக்குத் தாங்கவில்லை. ஐந்து வருட விரதத்தை ஒரு நாள்கூடப் பிசகாமல் நடத்துகிறவள். நேற்றுக்கூட சாயந்திரம் தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பசியே இல்லை என்று ராத்திரி பட்டினியாகப் படுத்தவள். அவள் அழுகிறாள், இரண்டு துண்டு மீன் தின்றவன் மாட்டுப் படம் பார்த்துக்கொண்டு நிற்கிறான். த்தூ, நானும் ஒரு மனுஷனா என்று நினைத்தார். மேஜையில் கேசரி ஈரமாக, மெலிசாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டாக்டர்!" என்றார் தெரு முழுக்கக் கேட்கும்படி. "தயிர்சாதத்துல ஒண்ணும் இல்ல. கேசரி அதைத் தொடவே இல்ல. நான் பொய் சொன்னேன்."

எல்லாரும் வயிற்றை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"நேத்து நான் மீன் தின்னேன். வஞ்சிரம். ரெண்டு துண்டு. ஒரு துண்டு பூனைக்குன்னு கொண்டுவந்து ஷெட்ல வெச்சேன். அதே ஷெட்ல எலி மருந்து கேக்கும் வெச்சிருந்தேன். ரெண்டையும் காணோம். எப்படியாவது காப்பாத்துங்க டாக்டர், என்னை அப்புறம் யார் வேணா அடிச்சுக்கலாம்."

சிவராமனின் வயிற்று வலி அந்த நிமிஷமே நின்றுவிட்டது. "புரட்டாசியிலயா?" என்றார். "வெள்ளிக்கிழமையிலயா?" என்றாள் தாட்சாயிணி. "இன்னா சார் நீ, என்னியும் இட்டுகினு போயிருக்கலாமே" என்றார் முனியன்.

பஞ்சவர்ணம் முந்தானையை விலக்கினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எலி கேக்கை நேத்தே எடுத்துக் குப்பைத் தொட்டில போட்டாச்சு. கோயிலுக்குப் போயிட்டு வந்து ஷெட்டுக்குப் போனப்ப என் கண்ணுல பட்டுச்சு. பூனை உலாத்துற இடத்துல விஷம் வைக்கிறீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?"

"பூனை கடிக்கலையே?"

"முழுசா இருந்துச்சு. அதை விடுங்க. மீனு! பெருமாள் பேரையே வெச்சுக்கிட்டு மீனு! நான் இங்க நாக்கைக் கட்டி, வாயைக் கட்டி ஒரு மாசம் கெடக்குறேன். நீங்க தள்ளுவண்டியில நின்னு மீனு!"

விஷம் இல்லை என்றதும் வீரராகவனுக்குப் போன உயிர் வந்தது. திட்டு தேனாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை செருப்பில்லாமல் திருவள்ளூருக்கு நடப்பதாக ஒப்புக்கொண்டார். புரட்டாசியோடு ஐப்பசியையும் சேர்த்துக்கொண்டார். தெருவாரிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். சிவராமன் இதைச் சங்கக் கூட்டத்தில் பேசப்போவதாகச் சொன்னார். அதற்கும் சரி என்றார்.

இதற்குள் டாக்டர் மயக்க ஊசி போட்டு, கேசரியின் வாயைத் திறந்து டார்ச் அடித்திருந்தாள்.

"அப்பாடா. மேல் அண்ணத்துல குறுக்கே ஒண்ணு சிக்கியிருக்கு. அதான் எச்சில், அதான் வாயைத் தேய்க்குது" என்று இடுக்கியால் எதையோ உருவிப் பூங்காவனத்தின் தட்டில் போட்டாள். "சாயந்திரத்துக்குள்ள சரியாயிடும்."

"முள்ளா டாக்டர்?" என்றார் வீரராகவன் வெட்கத்தோடு. இருபத்தாறு வருடப் பரிசோதனை. ஒரே ஒரு துண்டு மீன். அதிலும் கோட்டை விட்டாகிவிட்டது. இனி தொழிற்சாலையில் எந்த முகத்தோடு முத்திரை குத்துவது?

"தரம் பார்க்கிறாராம் தரம்!" என்றாள் பஞ்சவர்ணம். அவசரமாக எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள். "அம்மா, அந்தக் கருமத்தைக் குப்பையில போடும்மா. பார்க்கவே குமட்டுது. கெளம்புங்க, கெளம்புங்க, வீட்ல விளக்கேத்தணும்."

பூங்காவனம் போடவில்லை. தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெரு முழுக்க அவளைப் பார்த்தது.

"அந்த சாரை இன்னாத்துக்குக்கா இப்டி திட்டினு கீற? எங்க ஊட்டுக்காரு கோழிக் கடைதான் வெச்சினு கீறாரு, எனுக்குத் தெரியாதா? இது மீன் முள்ளு இல்லக்கா, கோழி எலும்பு. சிக்ஸ்டிபைவ் மசாலாகூட இன்னும் ஒட்டிகினு கீது."