இன்னாசியின் நாலாவது மாடி

அல்லிநகரம், தேனி.
பங்குனி மாதம், 2009.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் முத்துக்கருப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை அன்னத்தாயின் புருஷன் சண்முகராஜ் எழுதிக்கொண்டது.

ஆண்டிபட்டியில் மழை உண்டா, அணையில் தண்ணீர் எவ்வளவு, பேத்தி கயல் நடக்கிறாளா என்றெல்லாம் முதலில் கேட்பதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளவும். என் சுகத்தைப் பற்றித் தாங்கள் கேட்டதாக நானும் வைத்துக்கொள்கிறேன். இடது முழங்காலில் கட்டுப் போட்டிருக்கிறது. வீட்டில் அடுப்பு எரிந்து நாளாயிற்று. அதற்கான காரணம் இந்நேரம் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும் என்பதால் தனியாக விளக்க வேண்டியதில்லை. அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். கூடப்பிறந்த பாசத்தில் தாங்களும் தலையை ஆட்டியிருப்பீர்கள். என் பக்கத்தையும் படித்துவிட்டு, அடுத்த நல்ல நாளில் அவளைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போகவும். வாசலில் வைத்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும். அதற்கு மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.

நான் சந்தேகப்பிராணி என்று அவள் சொல்லியிருந்தால் அதை நான் மறுக்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தே தலை நரைத்தவன் நான். சந்தேகப்பட்டதற்குத்தான் கவர்ன்மெண்ட் எனக்குச் சம்பளம் கொடுத்தது, இப்போது பென்ஷன் கொடுக்கிறது. டிக்கெட் எடுக்காதவன் முகம் எனக்கு நூறு பேரில் தெரியும். நான் ஏறியதும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே வெகு அக்கறையாக வேடிக்கை பார்ப்பான். கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவில் அப்படி அக்கறையாகப் பார்க்க என்ன இருக்கிறது, தாங்களே சொல்லுங்கள்.

தங்களுக்கு ஞாபகம் இருக்கும், தொண்ணூற்றாறில் தேனி தனி மாவட்டம் ஆன வருஷம்தான் நான் மாடி எடுத்தேன். எங்கள் தெருவில் முதல் மாடி அதுதான். அப்போது தேனியில் அண்ணாந்து பார்க்க என்ன இருந்தது? கோயில் கோபுரம், ஒரு பஞ்சாலைப் புகைபோக்கி, சினிமாக் கொட்டகையின் நெற்றி, மிச்சமெல்லாம் புளியமரம். கீழ்வீட்டை ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் மேலே குடியேறினோம். பால் காய்ச்சிய அன்று தாங்கள் மொட்டைமாடியில் நின்று, மேற்கே போடி மலை முழுசாகத் தெரிகிறதே மச்சான், மேகம் இறங்குவதைக்கூட எண்ணலாம் போலிருக்கிறதே என்று சொன்னீர்கள். அன்று முதல் சாயங்காலம் ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் டீயுமாக நான் மலையைப் பார்க்காத நாள் கிடையாது. கேரளாப் பக்கம் மழை பிடித்தால் இந்தத் தெருவில் முதலில் தெரிந்துகொண்டவன் நான்தான். வற்றல் காயப்போட்டவர்கள் எல்லாரும் கீழேயிருந்து என்னிடம்தான் குரல் கொடுத்துக் கேட்பார்கள். மனிதனுக்கு ஒரு மரியாதை இருந்தது.

மாவட்டம் ஆனதும் கலெக்டர் ஆபீஸ் வந்தது, கலெக்டர் ஆபீஸ் வந்ததும் லாட்ஜ் வந்தது, லாட்ஜ் வந்ததும் அதற்குப் போட்டியாக ஒரு கல்யாண மண்டபம் வந்தது. தெற்கே தெரிந்த தென்னந்தோப்பு போயிற்று. மதுரை ரோட்டில் நெற்றி முழுக்கக் கண்ணாடி ஒட்டிய ஜவுளிக்கடை எழும்பியது. காலையில் அந்தக் கண்ணாடியில் வெயில் பட்டு நேராக என் வழுக்கையில் விழும்படி அதை யாரோ திசை பார்த்து வைத்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பிறகு ஒரு மொட்டைமாடிக்கு மேல் செல்போன் டவர் நின்றது. அதன் உச்சியில் இராத்திரி பூராவும் ஒரு சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. எதற்காக என்று விசாரித்தேன், ஆகாய விமானத்துக்காம். தேனிக்கு ஏது விமானம்? இவற்றையெல்லாம் நான் சகித்துக்கொண்டேன் மச்சான், ஏனென்றால் மேற்குப் பக்கம் திறந்திருந்தது. மேற்கே தெருவைத் தாண்டித் தகரம் வேய்ந்த வெங்காய மண்டிதான் இருந்தது. வெங்காயம் எவ்வளவு அடுக்கினாலும் மலையை மறைக்காது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த மண்டியைத்தான் இன்னாசி வாங்கினார். கம்பம் பக்கத்தில் திராட்சை வியாபாரம் பண்ணுகிறவர், வேதக்காரர், நெற்றியில் ஒரு சுருக்கம் கிடையாது, யாரைப் பார்த்தாலும் கும்பிடுவார். அஸ்திவாரம் தோண்டிய அன்றே போய்க் கேட்டேன். "அண்ணே, கீழ கடை மட்டுந்தான். மேல போற சோலி நமக்கு எதுக்கு?" என்றார். சொல்லும்போது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. தெருவில் போன ஒரு மாட்டை வெகு அக்கறையாகப் பார்த்தது. வீட்டுக்கு வந்து அன்னத்தாயிடம், அந்த ஆள் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. கடைக்குக் கான்கிரீட் போட்டு முடித்த அன்று பார்க்கிறேன், தூணின் கம்பியெல்லாம் மேலே ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது. கம்பியை நீட்டி விடுகிறவன் மேலே போகாமல் இருப்பானா?

போனார். முதல் மாடி, சரி, நம் உயரம்தான் என்று விட்டேன். இரண்டாவது மாடியில் மலையின் கால் மறைந்தது. மூன்றாவது மாடியில் கழுத்து வரைக்கும் போய்விட்டது. ஒவ்வொரு மாடிக்கும் நடுவே இரண்டு மூன்று வருஷம் இடைவெளி விடுவார், நானும் அசந்துபோய் இருப்பேன், திடீரென்று ஒரு நாள் விடிந்ததும் ஜல்லி இறங்கும். நகராட்சிக்கு மனுப் போட்டேன். வந்தவர் நாடா பிடித்து அளந்துவிட்டு, இன்னாசியின் கட்டடம் பிளான்படி கச்சிதமாக இருக்கிறது என்று சொல்லி, அப்படியே என் மொட்டைமாடித் தகரக் கொட்டகையை நிமிர்ந்து பார்த்து இதற்குப் பிளான் எங்கே என்று கேட்டார். அவருக்குத் தகரக் கொட்டகையைக் காட்டிக்கொடுத்தது யார்? கிறிஸ்துமஸ் தவறாமல் இன்னாசி வீட்டிலிருந்து கேக் வருகிறது. பகையாளிக்குக் கேக் கொடுப்பவன் மனசில் என்ன இருக்கும்? நான் தொடவில்லை. அன்னத்தாய் சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நானும் சாப்பிட்டேன், எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து என் சந்தேகம் இன்னும் பலமாகிவிட்டது.

இந்த வருஷம் நாலாவது மாடிக்குச் சாரம் கட்டினார்கள். கட்டிய கையோடு ஒரு திருஷ்டி பொம்மையைத் தொங்கவிட்டார்கள் மச்சான், நேராக நம் வீட்டைப் பார்த்து. உருட்டு விழி, தொங்கும் நாக்கு, அது போகட்டும், எல்லாப் பொம்மைக்கும் உள்ளதுதான். மீசை என்னுடையது. முனையை மேலே முறுக்கி விட்டு, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும் அந்த மீசை தேனி மாவட்டத்திலேயே இரண்டு இடத்தில்தான் இருக்கிறது, ஒன்று என் முகத்தில், மற்றது அங்கே. என் கண் பட்டுவிடும் என்று எனக்கே காவல் வைத்திருக்கிறார்கள். வேதக்காரருக்கு எதற்குத் திருஷ்டி பொம்மை என்று இன்னாசியிடம் நேரில் போய்க் கேட்டேன். கோபப்பட்டிருந்தால் மனிதன் யோக்கியன் என்று திரும்பி வந்திருப்பேன். "கொத்தனாரு மாட்டுனது அண்ணே. எங்கிட்டுப் பாத்தா ஒங்களுக்குத் தோதுன்னு சொல்லுங்க, திருப்பிரச் சொல்றேன்" என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவனை என்னவென்று நினைப்பது? பொம்மையைத் தெற்கே திருப்பினார்கள். தெருமுனையில் பூக்கட்டும் பாண்டியம்மாள் என்னை நிறுத்தி, இப்போது பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் அய்யா ஜாடை இன்னும் அச்சாக இருக்கிறது என்று சொன்னாள். பழையபடியே இருக்கட்டும் என்று நானே சொல்லிவிட்டேன்.

முழங்கால் சமாச்சாரத்துக்கு வருகிறேன். நாலாவது மாடிக்குச் சுவர் எழும்ப எழும்ப, நாற்காலியில் உட்கார்ந்தால் மலை தெரியவில்லை, நாற்காலிமேல் நின்றால் உச்சி மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. அதுவும் போன அன்று தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினேன். நம் தொட்டிதானே, பிளாஸ்டிக் மூடி, என் எடை அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். மூடி உடைந்து ஒரு கால் தொட்டிக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாகச் சிக்கிக்கொண்டேன். உள்ளே போன கால் குளிர்ந்தது, வெளியே நின்ற கால் மொட்டைமாடிச் சூட்டில் வெந்தது. கத்தினால் மானம் போகும், கத்தாவிட்டால் கால் போகும் என்ற நிலைமையில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ச் சாரத்திலிருந்து கொத்தனார்கள் பார்த்துவிட்டு ஓடி வந்து தூக்கினார்கள். பகையாளியின் ஆட்கள் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கியது ஒரு அவமானம். அதற்கு அடுத்து நடந்ததுதான் இடி. சுருளி என்ற கொத்தனார் என்னை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, "மோரம்மா வீட்டு அய்யாவா? அப்பயே சொல்லக் கூடாதா, இன்னும் மெதுவாத் தூக்கியிருப்பமே" என்றான்.

மோரம்மா! விசாரித்தேன். முதல் மாடியிலிருந்தே நடக்கிறதாம். நான் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் தங்கள் தங்கை குடம் நிறைய மோர் கரைத்து, உப்பும் பச்சை மிளகாயும் இஞ்சியும் தட்டிப் போட்டு, எதிர்க் கட்டடத்துக்குக் கொடுத்தனுப்பி வந்திருக்கிறாள். கான்கிரீட் போடும் நாட்களில் இரண்டு குடமாம். வேலை சுணங்கக் கூடாது என்று. நான் இந்தப் பக்கம் மனுப் போட்டுக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் என் வீட்டு மோரைக் குடித்துவிட்டு மலையை மறைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே டிக்கெட் எடுக்காத ஒரு வித்தவுட்டை வைத்துக்கொண்டு ஊரையெல்லாம் பரிசோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன், துரோகி என்ற வார்த்தையும் வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவள் அழவில்லை, எதிர்த்துக் கத்தவும் இல்லை. கையிலிருந்த கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "இத்தன வருசமா மலையப் பாத்தது நீங்க. மேக்க வெயிலப் பாத்தது நானு. அந்த மனுசன் எனக்கு நெழலு கட்டிக் குடுத்திருக்காக. அதுக்கு ஒரு சொம்பு மோர் ஊத்துனது தப்பா?" பையை எடுத்தாள், ஆண்டிபட்டி பஸ் ஏறிவிட்டாள். டிக்கெட் எடுத்துத்தான் போயிருப்பாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் என் முன்னால் மூன்று வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாதவளுக்கு இப்படிப் பேசச் சொல்லிக்கொடுத்தது யார்? வேறு யார்மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை மச்சான். தங்கள்மேல் லேசாக இருக்கிறது.

ஆகவே, அவளுக்கு எடுத்துச் சொல்லி அனுப்பி வைக்கவும். மொட்டைமாடியில் இரும்பில் ஒரு கோபுரம் மாதிரி அடித்து அதன்மேல் நாற்காலி போடுவதாக உத்தேசம் செய்திருக்கிறேன். அது முடியும்வரை நான் ஓயப்போவதில்லை என்பதையும் அவளிடம் தெரிவிக்கவும். ஓட்டல் சாம்பாரில் என்ன போடுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருப்பதால் சீக்கிரம் ஆவன செய்யவும். அக்காவுக்கு என் கும்பிடு. கயலுக்கு என் ஆசிகள், கண் பட்டுவிடாமல் ஒரு மை வைக்கச் சொல்லவும். வீரப்ப அய்யனார் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
சண்முகராஜ்,
டிக்கெட் பரிசோதகர் (ஓய்வு).

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை இல்லை. சோற்றுப் பருக்கை தேடினால் வீட்டில் சோறும் இல்லை. கஞ்சியாவது வைப்போம் என்று மூன்று மணிக்கு அடுப்படிக்குள் போனேன். அந்த நேரத்தில் அங்கே நான் போனதே கிடையாது, நான் மூன்று மணிக்கு எழுந்து டீ கேட்பேன், டீ வரும், அவ்வளவுதான். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் முழுசாக உள்ளே வந்து அடுப்புக்கு முன்னால் நிற்கிறது. மேலே மொட்டைமாடிக் கான்கிரீட் கொதிக்கிறது, கீழே அடுப்பு, முதுகில் வெயில். அரிசி வேகும் முன்னால் எனக்குச் சட்டை தொப்பலாகிவிட்டது. நாலு மணிக்கு இன்னாசியின் நாலாவது மாடி நிழல் ஜன்னலில் ஏறியது. யாரோ ஈரத்துணியை முதுகில் போட்டதுபோல இருந்தது. இந்தக் கட்டடமே இல்லாத காலத்தில் ஆறு மணி வரைக்கும் அவள் இதற்குள்தான் நின்றிருக்கிறாள், அதற்கு மேலேதான் நான் நாற்காலி போட்டு டீ குடித்திருக்கிறேன். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் பையை எடுத்தேன் மச்சான்.

இதைத் தபாலில் போடவில்லை. சாயங்கால பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். வாயால் சொன்னால் நடுவில் சண்டையாகிவிடும். ஆகையால் தாங்கள் வாசலிலேயே வாங்கிப் படித்துவிட்டு என்னை உள்ளே விடவும். மன்னிப்புப் பற்றி முதல் பக்கத்தில் எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். இரும்புக் கோபுரமும் வேண்டாம்.

இன்னொன்று, இதை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இன்னாசி எதிரில் வந்து கும்பிட்டு, அண்ணே, இனிமே உங்களுக்கு இடைஞ்சல் இல்லை, நாலோடு நிறுத்திக் கம்பியையெல்லாம் அறுக்கச் சொல்லிவிட்டேன் என்று சிரிக்கிறார். அஞ்சாவது மாடி எழும்பினால் நம் அடுப்படிக்கு மூன்று மணிக்கே நிழல் வந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு, என்மேல் உள்ள பகையில், வேண்டுமென்றேதான் நிறுத்துகிறார் என்று எனக்குப் பலத்த சந்தேகம். யாரைப் பிடித்தால் அவரை அஞ்சாவது மாடி கட்ட வைக்கலாம் என்று தாங்கள் விசாரித்து வைக்கவும். மோர் நானே கரைத்துக் கொடுக்கிறேன்.