சுவரில் வந்த சிவப்பு எழுத்து

ஒடார்ட்டே பல் துலக்கியபடி வாசலுக்கு வந்தபோது அவர் வீட்டுச் சுற்றுச்சுவர் அவருக்கு உத்தரவு போட்டது.

"வேலையை நிறுத்து. அனுமதி காட்டு."

நல்ல தடித்த சிவப்பு எழுத்து. பெயின்ட் காயவில்லை. கடைசி எழுத்திலிருந்து ஒரு சொட்டு, அவசரமே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் அக்ரா நகரில் இந்த எழுத்துக்குப் பயப்படாதவர் கிடையாது. அனுமதி வாங்காமல் கட்டுகிறவன் சுவரில் கட்டிட அலுவலகத்தார் இப்படி எழுதிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் மஞ்சள் இயந்திரம் வரும். அது வந்துபோன இடத்தில் வானம் முன்னைவிடப் பெரிதாகத் தெரியும்.

சங்கடம் என்னவென்றால், ஒடார்ட்டே வீட்டில் நிறுத்துவதற்கு எந்த வேலையும் நடக்கவில்லை. அவருடைய தாத்தா காலத்து மாடி வீடு அது. கடைசியாக அங்கே ஆணி அடித்தது யார் என்று தெருவில் ஒருவருக்கும் நினைவில்லை.

மனைவி கோர்க்கோய் வந்து எழுத்தை நிதானமாகப் படித்தாள்.

"வேலையை நிறுத்தணுமாம். உங்களைத்தான் சொல்றாங்க."

"நான் டெலிபோன் ஆபீஸ்லேருந்து ரிட்டயர் ஆகி யுகமாச்சு."

"அதான் பாக்கறேன். நான் கல்யாணமான நாள்லேருந்து 'ஆரம்பிங்க'ன்னு கத்தறேன். இவன் வந்து நிறுத்துங்கறான்."

வாசலோரம் சுவரடியில் கடை போடும் ஹாஜியா மெமுனா, வாச்சேச் சோற்றுப் பானையை இறக்கிவைத்தாள். காராமணி கலந்த அந்தச் சோற்றை வாங்க அதற்குள் நாலு பேர் இலையோடு நின்றார்கள்.

ஒடார்ட்டேவுக்கு மட்டும் இது யார் வேலை என்று சந்தேகமே இல்லை. "ரேடியோவுல பேசறேன்ல. அதான் அரசாங்கத்துல குறி வச்சுட்டாங்க."

அவர் பேசுவது உண்மைதான். விடிந்ததும் மாடி வராந்தாவில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வானொலி நிலையத்துக்கு போன் போடுவார். தினமும் போன் போட்டே பேர் வாங்கியவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். மற்றவர்கள் ஏதாவது கட்சிக்காகப் பேசுவார்கள். இவர் காற்றுக்காகப் பேசுவார்.

"கடல் இருக்கற ஊர்ல ஜன்னலைத் திறக்க முடியாத கட்டிடம் எதுக்குய்யா? வெயிலைக் கண்ணாடி போட்டு உள்ள கூப்பிடறான், அப்புறம் ஏசி போட்டு வெளிய துரத்தறான். சாக்கடைக்கு மூடி போடத் துப்பில்ல, வானத்துக்கு மூடி போடறான்."

பேசி முடித்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்ப்பார். இரண்டு கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே, கொடியில் காயப்போட்ட துணி அகலத்துக்குக் கொஞ்சம் கடல் மிச்சமிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கண் செருகுவார். அரைத்தூக்கத்தில் அந்தக் கோபுரங்கள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் நடந்துபோகும். விழித்தால் திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கும், கால் நனையாமல். இந்தக் கதையை அவரே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். கோர்க்கோய்க்கு மனப்பாடம்.

அந்த வீடு போனால் அந்தத் துணி அகலக் கடலும் போய்விடும். அதனால் அன்றே வெள்ளை பெயின்ட் வாங்கி வந்து எழுத்தின் மேல் பூசினார்.

"விட்டுடுங்க பெரியவரே," என்றாள் ஹாஜியா. "இருந்துட்டுப் போகட்டும். அது என்ன சோறா கேக்குது?"

"உனக்கு அரசியல் தெரியாது ஹாஜியா."

வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு இளஞ்சிவப்பாக எழுந்து வந்தது. இப்போது உத்தரவு, கல்யாண வீட்டு அலங்காரம் போல அழகாகத் தெரிந்தது. மறுநாள் அந்த வழியாகப் போன கட்டிட அலுவலக வண்டி, பின்னோக்கி வந்து நின்றது. ஒல்லியான அதிகாரி ஒருவர் இறங்கினார்.

"எங்க எழுத்தை யாரு அழிச்சது?"

"நான் எதுவும் கட்டலையே தம்பி. ஏன் எழுதினீங்க?"

அதிகாரி சுவரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். "காரணம் இல்லாம எழுதியிருக்க மாட்டோம். அழிச்சது தனிக் குற்றம்."

அவருடைய ஆள் டப்பாவைத் திறந்து, பழைய எழுத்தின் மேலேயே இன்னும் பெரிதாக எழுதினான். ஆபீசுக்கு வந்து, வேலையை நிறுத்திவிட்டதாகச் சான்று வாங்கினால் அழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒடார்ட்டே ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கட்டத்துல நிறுத்தினீங்க?"

"ஆரம்பிக்கவே இல்லம்மா."

"ஆரம்பிக்காததை நிறுத்தினதா நான் எப்படி எழுதறது? அஸ்திவாரமா, சுவரா, கூரையா?"

"மூணும் இல்ல."

"மூணுதான் இருக்கு பெரியவரே. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

பின்னால் நின்றவர்கள் தொண்டையைச் செருமினார்கள். இருப்பதில் சின்னது எது என்று யோசித்தார் ஒடார்ட்டே. "சரி, அஸ்திவாரம்னு போட்டுக்க."

"நல்லது. வியாழக்கிழமை வந்து அஸ்திவாரத்தைப் பார்ப்பாங்க. இல்லாமப் போச்சுன்னா பொய் சொன்ன கேஸு."

கேட்டதும் கோர்க்கோய் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பொய்க்குப் பயந்து குழி வெட்டப் போறீங்களா?"

வெட்டினார். கொத்தனாரைக் கூப்பிட்டு, முற்றத்து எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் நாலு மூலை பார்த்து, கொஞ்சம் கான்கிரீட்டும் போட்டார். வியாழக்கிழமை அதிகாரி வந்து குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இவ்வளவு நல்ல அஸ்திவாரத்தை எதுக்கு நிறுத்தினீங்க?"

சான்று தருவதற்குள் செய்தி குடும்பத்துக்குப் போய்விட்டது. குடும்ப வீடு அல்லவா, ஆளுக்கொரு பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைகள் பக்கத்து ஊரான டெமாவிலிருந்து கென்கே என்ற சோளமாவு உருண்டைகளும் பொரித்த மீனுமாக வந்து இறங்கினார்கள். வருஷக்கணக்காக மாமா செத்தாரா பிழைத்தாரா என்று கேட்காதவர்கள், குழியைச் சுற்றி நின்று அறை பிரித்துக்கொண்டார்கள்.

"கடல் பாத்த ரூம் எனக்கு."

"மாமா, சமையலறையை இந்தப் பக்கம் தள்ளினா என்ன?"

"இது வீடு இல்லடா," என்றார் ஒடார்ட்டே. "இது ஒரு விளக்கம்."

யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை ஒரு லாரி நிறைய சிமென்ட் கல் வந்து இறங்கியது.

கல்லைப் பார்த்துத்தான் மாண்புமிகு சோவா வந்தார். எங்கள் பகுதிப் பிரதிநிதி. தேர்தல் நெருங்குகிறது, ஊரெல்லாம் மண்வெட்டி போட்டுத் திட்டம் தொடங்கியாக வேண்டும், அவருக்கோ கைவசம் இடமில்லை. இங்கே குழியே தயாராக இருந்தது.

"அண்ணே, உங்க குரலை நான் தினமும் ரேடியோவுல கேக்கறேன். ஊர் வளர்ச்சியில உங்களுக்கு இருக்கற அக்கறை யாருக்கு வரும்?" என்றார். "அக்கா பிள்ளைங்ககிட்ட எல்லாம் பேசிட்டேன். இந்த இடத்து மேல கண்ணா இருக்கற பக்கத்து ஹோட்டல்காரங்களும் சேந்துக்கறாங்க. சனிக்கிழமை விழா."

விழாவுக்கு முதல் நாள் சோவாவின் ஆட்கள் வந்து சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். சிவப்பு எழுத்து அடியோடு மறைந்தது. சான்றும் இல்லை, கேள்வியும் இல்லை.

அது மேளத்துக்குத் தடையான மாதம். ஹோமோவோ அறுவடைத் திருவிழாவுக்கு முன்னால், விதைத்த சோளம் மண்ணுக்குள் உறங்க வேண்டும் என்று பூசாரிகள் ஊரை அமைதியாக்கிவிடுவார்கள். கோயில் மேளம், கல்யாண மேளம், ஒலிபெருக்கி எதுவும் கூடாது. மாதாகோயிலில்கூட விரல் நுனியால்தான் கை தட்டுவார்கள்.

அதனால் அந்தச் சனிக்கிழமை எங்கள் தெருவில் நடந்ததைக் கனவு என்றுதான் சொல்ல வேண்டும். பித்தளை வாத்தியக்காரர்கள் வரிசையாக வந்து, வாத்தியத்தை உதட்டருகே பிடித்தபடி ஊதாமல் நின்றார்கள். கட்சிப் பெண்கள் சத்தமில்லாமல் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு ஆடினார்கள். அவர்கள் காலடியில் மணல் நெறிபடும் ஓசை மட்டும் கேட்டது. தலைவர்கள் ஒருவர் காதில் ஒருவர் பேருரை ஆற்றினார்கள். எலுமிச்சை இலைகள் குழிக்குள் விழுந்தன. கடற்காற்றில் எல்லோருடைய உடையும் மெல்ல வீங்கி, கூட்டமே தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் மிதப்பது போலிருந்தது.

சோவா மண்வெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை ஒடார்ட்டே கையில் கொடுத்தார்கள்.

இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக ஓர் அரசியல்வாதி கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தார். ஒடார்ட்டே நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தார்.

"நான் கேக்கறேன், இந்தக் கண்ணாடி..."

தெருவே விரலை உதட்டில் வைத்தது. "ஷ்ஷ்."

படம் எடுத்துக்கொண்டார்கள். போகும்போது வாசலில் பெரிய விளம்பரப் பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். அதில், ஒடார்ட்டே வீடு இருந்த இடத்தில் மேகத்தை முட்டிக்கொண்டு ஒரு கண்ணாடிக் கோபுரம் நின்றது. கீழே, மண்வெட்டியோடு வாயைத் திறந்தபடி அவரே சிரிப்பது போல அவருடைய படம்.

மாடியிலிருந்து பார்த்தால், பலகை சரியாக அந்த இரண்டு கோபுரங்களின் நடு இடைவெளியில் நின்றது. கடல் போயிற்று.

மறுநாள் காலை வானொலிக்காரரே போன் போட்டார். "ஒடார்ட்டே ஐயா, நீங்களும் கண்ணாடிக் கட்சிக்கு மாறிட்டீங்களாமே?"

ஒடார்ட்டே போனை அணைத்தார். எங்கள் தெருவில் அது வரை நடக்காத சம்பவம். வாசலில் சோறு வாங்க நின்றவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

கோர்க்கோய் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இடிக்கப் போறாங்க கோர்க்கோய். என் கையாலயே மண்வெட்டி பிடிச்சுட்டேன்."

"குடிங்க முதல்ல."

"தாத்தா வீடு."

"நான் ஒண்ணு கேக்கறேன். இந்த ஊர்ல மண்வெட்டி போட்டு ஆரம்பிச்ச எதையாவது எழும்பிப் பாத்திருக்கீங்களா?"

ஒடார்ட்டே யோசித்தார். சந்தைக்குப் பக்கத்தில் தொடங்கிய ஆஸ்பத்திரியில் ஆடு மேய்கிறது. பேருந்து நிலையத்துக்குப் போட்ட குழியில் தவளை குடும்பம் நடத்துகிறது. மீனவர் துறையின் அடிக்கல்லில் வலை காய்கிறது.

"ஒண்ணுகூட இல்ல," என்றார் மெதுவாக.

"மாண்புமிகு மண்வெட்டி வச்ச இடத்துல வேற எவனும் கை வைக்கவும் மாட்டான். ஹோட்டல்காரன் இனி நம்ம பக்கம் தலை வச்சுப் படுப்பானா? உங்க அக்கா பிள்ளைங்களும் திறப்பு விழாவுக்குக் காத்துக்கிட்டே கிழவனாயிடுவானுங்க. நீங்க நாற்காலியை அந்தத் தூண் பக்கமா நகத்திப் போடுங்க."

நகர்த்திப் போட்டார். பலகையின் ஓரத்தில், கைக்குட்டை அகலத்துக்குக் கடல் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். கோபுரங்கள் மெல்லப் பாவாடையைத் தூக்கின.

முகத்துக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "பாத்தியா கோர்க்கோய், ஒத்தைக் குரல். அந்தக் குரலுக்குப் பயந்து சுவர்ல எழுதினாங்க, வண்டி அனுப்பினாங்க, கடைசியில தலைவரே நேர்ல வந்தாரு. அரசாங்கத்தையே ஆட்டி வச்சிருக்கேன்."

கோர்க்கோய் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

மாடிப்படியில் ஹாஜியா மெமுனா கரண்டியோடு தயங்கி நின்றாள்.

"பெரியவரே, சுண்ணாம்பு அடிச்சதிலேருந்து பழையபடி எல்லா ஆம்பளைங்களும் என் பானைக்குப் பக்கத்துல வந்து சுவரைப் பாத்து நிக்கறானுங்க, 'இங்க ஒண்ணுக்குப் போகாதே'ன்னு எழுதினா எவனும் மதிக்கறதில்லன்னுதான் அன்னிக்கு போர்டு எழுதற பையனை விட்டு 'வேலையை நிறுத்து'ன்னு எழுத வச்சேன், மறுபடி எழுதிக்கட்டுமா?"