சகலைக்கு முன்னால் நான் மாட்டிய வால்வு

எனக்குப் பொறாமை என்பதே கிடையாது என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். என் சகலை தனசேகர் மீது நாற்பது வருஷமாகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் என் மனைவி மல்லிகாவின் அக்கா கணவர். மெட்ராஸில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். நான் காவாந்தண்டலம் பக்கத்தில் அறிவியல் வாத்தியார். எண்பதுகளின் தொடக்கத்தில், உத்திரமேரூரில் எங்கள் மாமனார் வீட்டில் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. தனசேகர் அண்ணன் வந்தால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பானெட்டைத் திறப்பார். அத்தை காபியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பார். நான் வந்தால் ஒரே கேள்விதான்: "இன்னா மாப்ள, இஸ்கூல் லீவா?" (காபி வரும். ஆடை படிந்து வரும்.)

ஒரு தடவை கார் ஓடும்போதெல்லாம் ஆயில் வாடை வந்தது. அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ப்ரீதர் வால்வு அடைச்சிக்கினு கீது மாமா. அடுத்த ஞாயித்துக்கெயம வரச்சொல்ல புதுசு வாங்கியாந்து மாத்திட்றேன்."

எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியே இழுத்துவிடும் கட்டைவிரல் அளவு சாமான் அது. எஞ்சினுக்கு மூக்கு மாதிரி. மூக்கைப் பற்றி ஐந்து வருஷமாகப் பாடம் நடத்துகிறவன் நான். இதற்கு மெட்ராஸிலிருந்து ஆள் வர வேண்டுமா?

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய் ஒரு வால்வு வாங்கிவந்தேன். மத்தியானம் பானெட்டைத் திறந்தேன். இரண்டு ரப்பர் குழாய்களுக்கு நடுவே பழைய வால்வு இருந்தது. கிளிப்பைத் தளர்த்தி அதைப் பிடுங்கினேன். எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனிக்காமல் வேலிக்கு அந்தப்புறம் வீசினேன். புது வால்வுக்கு இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தன. நடுவில் ஓர் அம்புக்குறி. கொஞ்சம் யோசித்தேன். மூக்கு என்றால் காற்று உள்ளேதானே போகும்? அம்பு எஞ்சினைப் பார்க்கும்படி மாட்டினேன். (மூச்சை வெளியே விடுவதும் அதே மூக்குதான் என்பது அறிவியல் வாத்தியாருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.)

வண்டி கிளம்பியது. இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினேன். கையிலிருந்த ஆயில் கறையை, அத்தை கண்ணில் படும்வரை, கழுவவே இல்லை.

"பரவால்லியே, சின்ன மாப்ளைக்கும் கை வருது" என்றார் மாமா. 'மாப்ளைக்கும்' என்பதிலிருந்த அந்த 'உம்' எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு பூரிப்பு.

அத்தோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், "அண்ணன் எதுக்கு பஸ்ல கஷ்டப்படணும்? நம்ம கார்லயே காஞ்சிபுரம் போயி கூட்டிக்கினு வந்துடலாம்" என்று நானே ஆரம்பித்தேன். நான் சரிசெய்த காரில் அவரை உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மாமா ஓட்ட, நான் முன்னால். அத்தையும் மல்லிகாவும் பின்னால்.

மாகறல் நெருங்கும்போது மல்லிகா, "இன்னாங்க, ஏதோ தீயுற வாடை வருது" என்றாள்.

"புது சாமான் இல்ல? மொதல்ல அப்பிடித்தான் இருக்கும்" என்றேன், ஃபோர்மேன் குரலில்.

வாய் மூடுவதற்குள் பானெட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைப் புகை கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. மாமா வண்டியை ஓரங்கட்டினார். அதற்கு அப்புறம் நான் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். கதவைத் திறந்து, "வெடிக்கப் போவுது" என்று கத்திக்கொண்டே வரப்பில் ஓடினேன். ஒரு பம்புசெட் கொட்டகை வந்த பிறகுதான், பின் சீட்டில் மனைவியும் மாமியாரும் இருந்தது ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தால், நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் அத்தையையும் மல்லிகாவையும் இறக்கிவிட்டிருந்தார்கள். மாமா பானெட்டைத் திறந்தார். ஆயில் அளவு பார்க்கும் குச்சி எகிறிக் கிடந்தது. அந்தத் துளையிலிருந்து ஆயில் பீய்ச்சி எஞ்சின் முழுக்க வழிந்திருந்தது. அவர் எட்டிப் பார்த்த நேரம் ஒரு பெண் வாளிச் சேற்றுத் தண்ணீரை வீசினாள். பாதி எஞ்சின் மீது, பாதி மாமாவின் வெள்ளைச் சட்டை மீது.

நான் திரும்பி நடந்துவரும்போது காஞ்சிபுரத்து பஸ் வந்து நின்றது. ஜன்னலில் தனசேகர் அண்ணன். முன்கூட்டியே கிளம்பிவிட்டாராம்.

இறங்கினார். கூடவே இறங்கிய மல்லிகாவின் அக்காவிடம் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். வால்வை உருவி, துடைத்து, வாயில் வைத்து ஊதினார். ஒரு பக்கம் காற்று போனது. மறு பக்கம் போகவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா மாப்ள ஆச்சு?" என்று அண்ணனைக் கேட்டார் மாமா, முகத்திலிருந்து சேறு சொட்ட.

"எஞ்சினு மூச்சு வுட முடியாம ஆயில வெளிய தள்ளிக்கீது மாமா. வால்வு செஞ்சவன் அம்புக்குறிய தப்பா போட்டுட்டான். யார் மாட்டியிருந்தாலும் இப்பிடித்தான் ஆயிருக்கும்."

சொல்லும்போது அந்த அம்புக்குறியைப் பெருவிரலால் மூடிக்கொண்டிருந்தார். அம்பு சரியாகத்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என்னைக் காப்பாற்றிவிட்டார் மனுஷன்.

வால்வைத் திருப்பி மாட்டினார். பக்கத்துக் களத்து டிராக்டர்காரரிடம் ஆயில் கேட்டு வாங்கி ஊற்றினார். வண்டி கிளம்பியது. திரும்பும் வழியில் அத்தை மல்லிகாவின் காதில் சொன்னது முன் சீட் வரைக்கும் கேட்டது: "பெரிய மாப்ள எப்பிடி வுட்டுக்குடுக்காம பேசினாரு பாத்தியா? இதுக்குல்லாம் ஒரு கொணம் வேணும்." ஆக, நான் கெடுத்த காரிலும் அவருக்குத்தான் பெயர்.

இப்போது மாமாவும் இல்லை, காரும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாராவது சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டாலும், டார்ச்சில் பேட்டரியைத் திருப்பிப் போட்டாலும் அதற்குப் பெயர் 'வாத்தியார் மாட்டல்'. போன மாதம் என் பேத்தி செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள். கூடத்தில் எல்லோரும் ஒரே குரலில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். தனசேகர் அண்ணன் குனிந்து அவள் செருப்பை மாற்றிப் போட்டுவிட்டு, "பாவம், செருப்பு செஞ்சவன் தப்பா செஞ்சிட்டான்" என்றார்.

அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.