சாமி கொடுத்த பேட்டரி

வண்டி கிளம்பவில்லை.

சாவியைத் திருகினேன். டிக் என்றது. மறுபடி திருகினேன். அந்த டிக்கும் இல்லை.

சிவப்பு வண்டி. ரெண்டே சீட்டு. வெளிநாட்டில் செய்தது. தரையோடு தரையாகக் கிடக்கும். உள்ளே உட்கார ஒரே வழிதான், விழ வேண்டும். வெளியே வர யாராவது கை கொடுக்க வேண்டும். எழுபதை நெருங்குகிறவனுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று ஊரே கேட்டாகிவிட்டது. நீங்களும் கேட்க வேண்டாம்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கம். மாடியில் ஒரு பெங்களூர்க்காரன் குடியிருந்தான். கண்ணை மூடி உட்கார்ந்தே இருப்பான். ஒருநாள் காலையில் இறங்கி வந்து, எல்லாவற்றையும் துறந்துவிட்டேன் என்றான். துறந்ததில் இந்த வண்டியும் ஒன்று. நான் அடிமாட்டு விலைக்குக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டான்.

"அவன் ஆசையை வுட்டான். நீங்க எடுத்துக்கினீங்க" என்றாள் என் மனைவி ஆதிலட்சுமி.

ஆசைதான். ஆனால் வண்டி மேல் அல்ல.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்புக் கொழுப்பைச் சொன்னார். ஆதிலட்சுமி எல்லாக் கொழுப்பையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டாள். அன்றோடு வீட்டில் ஆட்டுக்கறி நின்றது. முட்டை நின்றது. கருவாட்டு வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தால்கூட ஜன்னலைச் சாத்தினாள். நாற்பது வருஷம் கடலை மண்டி நடத்தியவன் நான். இப்போது என் தட்டில் சுரைக்காய்.

கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் முருகவேல் மெஸ் என்று ஒன்று இருக்கிறது. கீற்றுக் கொட்டகை. நாலு பெஞ்சு. புதன்கிழமை தலைக்கறி. இதற்கு மேல் எழுதினால் எனக்கு வாய் ஊறும், நிறுத்திக்கொள்கிறேன்.

பஸ்ஸில் போக முடியாது. கீழ்பென்னாத்தூர் அவள் பிறந்த ஊர். அந்த பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் அவள் சித்தி, பின் சீட்டில் அவள் பங்காளி. அதனால்தான் வண்டி. புதன்கிழமை தோறும் மண்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய், தின்றுவிட்டு, பாக்கு போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். யாருக்கும் தெரியாது.

இந்த மாவட்டத்திலேயே சிவப்பில் அப்படி ஒரு வண்டி ஒன்றே ஒன்றுதான். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு ஊரையே அடைத்துவிட்டார்கள். தெருவில் ஆள் நடக்கவே இடமில்லை, வண்டி எங்கே எடுப்பது. ஷெட்டிலேயே நின்றது. நின்ற இடத்தில் பேட்டரி செத்தது.

போளூர் ரோட்டிலிருந்து மெக்கானிக் மாறனை வரவழைத்தேன். அவன் டிக்கியைத் திறந்தான். இந்த வண்டிக்கு பேட்டரி பின்னால் டிக்கியில் இருக்கிறது. நாடித் துடிப்பு பார்ப்பதுபோல் பார்த்தான். போயிடுச்சு ஐயா என்றான். பிறகு வியாபாரத்தை ஆரம்பித்தான்.

சாதா பேட்டரி ஒன்று. வழக்கமான கனம். ஓட்டாமல் வைத்தால் மறுபடி இதே கதி. லித்தியம் பேட்டரி இன்னொன்று. வண்டி சும்மா நின்றாலும் சார்ஜ் சுலபத்தில் இறங்காது. எடை மூணில் ஒரு பங்குகூட இருக்காது. விலைதான் கொஞ்சம் முன்னே பின்னே என்றான். முன்னே பின்னே இல்லை. முன்னே, முன்னே, முன்னே.

எனக்கு லித்தியம்தான் வேண்டும். ஓட்டாமல் நின்றாலும் சாகாத பேட்டரி. புதன்கிழமை என்னைக் கைவிடாத பேட்டரி.

ஆதிலட்சுமியிடம் காரணத்தை மாற்றிச் சொன்னேன். இதைப் போட்டால் வண்டியில் பன்னிரண்டு கிலோ குறையும், வண்டி பறக்கும் என்றேன்.

அவள் என் வயிற்றைப் பார்த்தாள்.

"குறைக்க வேண்டியது வண்டியிலயா?"

வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் இதே பேச்சு. நான் லித்தியம் என்பேன். அவள் வித்துடுங்க என்பாள். நான் லித்தியம் என்பேன். அவள், சாதா போதும், கிளம்பினா கிளம்புது, கிளம்பாட்டி வீட்ல இருங்க என்பாள். ஒரு புதன்கிழமை வந்து போனது. அன்றைக்குப் பீர்க்கங்காய். இரண்டாவது புதன்கிழமையும் வந்து போனது. அன்றைக்கும் பீர்க்கங்காய், தோலில் துவையல் வேறு. எனக்குப் பொறுமை கிடையாது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள்.

"எதுக்குச் சண்டை. சாமிகிட்ட பூக்கட்டிப் பார்த்துடலாம். சிவப்பு வந்தா லித்தியம். வெள்ளை வந்தா சாதா."

"யாரு கட்டுறது?"

"நீங்களே கட்டுங்க."

நான் நம்பவில்லை. மறுபடி கேட்டேன். நீங்களே கட்டுங்க என்றுதான் மறுபடியும் சொன்னாள். இந்த வீட்டில் எனக்கு ஒரு வேலை நம்பிக் கொடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அதுவே என் புத்தியில் பட்டிருக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கொல்லைப்பக்கம் போனேன். செவ்வரளி ஒன்று பறித்தேன். நந்தியாவட்டை ஒன்று பறித்தேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். நந்தியாவட்டையை சாக்கடையில் போட்டுவிட்டு இன்னொரு செவ்வரளி பறித்தேன். இரண்டையும் தனித்தனியாக வாழை இலையில் மடித்து நாரால் கட்டினேன். இரண்டு பொட்டலமும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பாவம்தான். ஆனால் பிள்ளையாருக்கு என்ன, அவருக்குக் கொழுக்கட்டை கிடைக்கிறது. என் கஷ்டம் அவருக்குத் தெரியாதா.

தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் கபாலி குருக்கள் பூஜை பண்ணுகிறார். ஆதிலட்சுமி விஷயத்தைச் சொன்னாள். பேட்டரிக்கு யாரும் இதுவரை பூக்கட்டிப் பார்த்ததில்லை என்றார் அவர். கல்யாணத்துக்குப் பார்த்திருக்கிறேன், போர்வெல் போடுவதற்குப் பார்த்திருக்கிறேன், சரி, வையுங்கள் என்றார். பொட்டலங்களைப் பிள்ளையார் காலடியில் போட்டுக் குலுக்கினார். கற்பூரம் காட்டினார். ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே போட்டுக்கொண்டேன்.

குருக்கள் நல்ல மனிதர். ஆனால் கை சும்மா இருக்காது. இன்னொரு பொட்டலத்தையும் எடுத்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

"அதை எதுக்கு சாமி பிரிக்கிறீங்க" என்றாள் ஆதிலட்சுமி. "சாமி வாக்கு வந்துடுச்சு. நமக்கு அது போதும்."

என்னைக் காப்பாற்றினாள். அவள் என்னைக் காப்பாற்றினால் நான் பயந்திருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

அன்றைக்கே மாறன் கடைக்குப் போனோம். அவளும் கூட வந்தாள். கேள்வி கேட்டாள். இது வெடிக்குமா, தீப்பிடிக்குமா, வீட்டுக்குள்ள வெச்சா ஆபத்தா என்று. இந்த வகை அப்படியெல்லாம் பண்ணாதும்மா, கட்டிலுக்கு அடியில வெச்சுக்கூடத் தூங்கலாம் என்றான் மாறன். பேட்டரியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். இடுப்பில் வைத்துப் பார்த்தாள். தண்ணிக் குடத்தைவிட கம்மியா இருக்குதே என்றாள். எனக்குப் பெருமை. பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன் என்றேன்.

மாறன் எங்கள் ஷெட்டுக்கு வந்து மாட்டும்போது அவனிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"ஸ்பேனர் இல்லாம கையாலயே கழட்டுற மாதிரி நட்டு போடு. இவருக்கு வயசாயிடுச்சு, ஸ்பேனர் புடிச்சா கை நடுங்குது."

என் கை நடுங்காது. ஆனாலும் அக்கறையாகச் சொல்கிறாளே என்று விட்டுவிட்டேன். மாறன் இறக்கை வைத்த நட்டு போட்டான். பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். வண்டி ஒரே திருகில் உறுமியது. அடுத்த நாள் புதன்கிழமை.

புதன்கிழமை காலை. இஸ்திரி சட்டை போட்டேன். மண்டிக்குப் போயிட்டு வரேன் என்றேன். அடுப்படியிலிருந்து சரி என்று குரல் வந்தது. ஷெட்டுக்குப் போனேன். உள்ளே விழுந்தேன். சாவியைத் திருகினேன்.

ஒன்றுமில்லை. டிக் கூட இல்லை.

மாறனை மனதுக்குள் திட்டியபடியே புரண்டு எழுந்து வெளியே வந்து டிக்கியைத் திறந்தேன். பேட்டரி இருக்கிற இடத்தில் பேட்டரி இல்லை. இரண்டு ஒயர் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

திருடன் என்று நினைத்து வீட்டுக்குள் ஓடினேன். பூஜை ரூம் கதவு திறந்திருந்தது. முருகன் படத்துக்கும் அண்ணாமலையார் படத்துக்கும் நடுவில், மணைப் பலகை மேல், என் லித்தியம் பேட்டரி. மஞ்சள், குங்குமம். தலையில் செவ்வரளி.

"என்னடி இது?" என்றேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"சாமி குடுத்தது. சாமிகிட்ட இருக்கு."

"அது வண்டியில இருக்கணும்."

"இருக்கட்டும். யாரு வேணான்னா. போகும்போது குளிச்சிட்டு, திருநீறு இட்டுக்கினு வந்து எடுத்துக்கோங்க. வந்ததும் கழட்டி இங்கயே வெச்சுடுங்க. கனமா என்ன?"

கனமில்லை. அதைச் சொன்னவனே நான்தான்.

"சரி, எடுத்துக்கிறேன்" என்று ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "கவுச்சி சாப்ட்டுட்டு இந்த ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது. அது உங்களுக்கே தெரியும்."

காலைப் பின்னால் எடுத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேட்டரியை எடுத்துக்கொண்டு போகலாம். தலைக்கறி தின்னலாம். திரும்பி வந்து உள்ளே வைக்க முடியாது. வைக்காவிட்டால் ஏன் என்று கேட்பாள். வைத்தால் தெய்வக் குற்றம். எந்தப் பக்கம் போனாலும் சுரைக்காய்.

கோபம் வந்துவிட்டது. பேட்டரிக்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம், இதை சாமி கொடுத்ததாக எவன் சொன்னான் என்று கத்தினேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாமி குடுக்கலையா? அப்ப யாரு குடுத்தது?"

வாழை இலை, நாரு, சாக்கடை எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. ஒப்புக்கொண்டால் பிள்ளையாரை ஏமாற்றியவன். ஒப்புக்கொள்ளாவிட்டால் சுரைக்காய்.

"சாமிதான்" என்றேன்.

"அதானே" என்றாள். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்துக் காட்டினாள். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அவள் தம்பி சரவணகுமார் அனுப்பிய படங்கள். முருகவேல் மெஸ் வாசலில் சிவப்பு வண்டி. வேறொரு நாள், அதே வாசல், அதே வண்டி. மழை நாளில் ஒன்று. ஒரு படத்தில் நான் வண்டியிலிருந்து எழ முடியாமல் கிடக்க, மெஸ்காரர் இரண்டு கையையும் பிடித்து இழுக்கிறார்.

"மாமா உடம்பை மாமா பார்த்துக்கலைன்னா நாமதானே பார்க்கணும்னு எழுதியிருக்கான்" என்றாள்.

நான் அத்தோடு விடவில்லை. போளூர் ரோடு வரைக்கும் ஆட்டோவில் போய், அவளுக்குத் தெரியாமல் ஒரு சாதா பேட்டரி கொடு என்று மாறனைக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். அம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க ஐயா, தரக் கூடாதுன்னு என்றான். ஏன்டா என்றேன். சாமி வாக்காமே என்றான்.

இப்போது வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. பேட்டரி அருமை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கிருத்திகைக்குச் சர்க்கரைப் பொங்கல். ஆதிலட்சுமிக்கு ஸ்போர்ட்ஸ் கார் பிடித்துப் போய்விட்டது. வாரத்தில் ஒருநாள் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். அதுவும் புதன்கிழமைதான். நான் குளித்து, திருநீறு இட்டு, பேட்டரியை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போய் மாட்டுகிறேன். பக்கத்து சீட்டில் அவள். அவள் மடியில் டிபன் கேரியர், அதில் எனக்குப் பீர்க்கங்காய் கூட்டு.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் அவள் வாயே திறப்பதில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சொல்வாள்:

"ஸ்போர்ட்ஸ் வண்டிதானேங்க, அந்த மெஸ்ஸைத் தாண்டுற வரைக்கும் கொஞ்சம் வேகமா போங்களேன்."