நைனா தலையும் நான் போட்ட மனுவும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் மட்டும் பேசாது, கையும் மனு எழுதும். அந்தக் கையை யாராவது கட்டிப்போட்டிருந்தால் நைனா மொட்டைத் தலையோடு ஒரு ஆபீஸ் வாசலில் அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நைனா என்றால் என் அப்பா. தாலுக்கா ஆபீஸில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது எங்கள் ஊரான நகரி ஆந்திராவுக்குப் போனது. அவருடைய பென்ஷன் காகிதம் மட்டும் மெட்ராஸிலேயே நின்றுவிட்டது. கேட்ட இடத்திலெல்லாம் "எல்லைத் தகராறு தீரட்டும்" என்றார்கள். ஏழு மாதம் கடன் சோறு.

அந்தக் கடுப்பில் இருந்தபோது டீக்கடையில் ஒரு பேச்சு. யாரோ செத்தவன் பென்ஷனை அவன் மச்சான் வாங்கித் தின்கிறானாம். (யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கோபம் ஆறிவிடும்.) அன்றைக்கே, பென்ஷன் கொடுக்கும் சித்தூர் கஜானாவுக்கு மனு போட்டேன். "புத்தகத்தில் உள்ள படத்தோடு தலை, மீசை எல்லாம் ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போகாதவனைத் துரத்துங்கள்."

ஒரு வழியாக நைனாவின் காகிதம் சித்தூர் வந்தது. மாதக் கடைசிக்குள் அவர் நேரில் போய் முகம் காட்ட வேண்டும். தவறினால் காகிதம் மறுபடி மெட்ராஸ் போய்விடும். அம்மாவோ, காகிதம் வந்தால் அப்பனுக்கும் பிள்ளைக்கும் திருப்பதியில் மொட்டை என்று வேண்டியிருந்தாள்.

"மொதல்ல ஆபீஸுக்குப் போய் வந்துடலாம்டா" என்றார் நைனா.

"சாமி கடனை வெச்சிக்கினு அந்த வாசலை மிதிக்கக் கூடாது" என்று அடம்பிடித்தது நான்.

மாதத்தின் கடைசி நாள் மலையிலிருந்து இறங்கி, மீசையும் போய், சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகளாக நேரே சித்தூர் பஸ் ஏறினோம்.

குமாஸ்தா புத்தகத்தைத் திறந்தார். படத்தில் நைனாவுக்குக் காது வரை மீசை, தலையில் குடுமி.

"ரெண்டு பேர்ல யாரு பென்ஷன்தாரு?"

"கண்ணு தெரியலயா சார்? வயசானவரு."

"படத்துல இருக்கறது இவரு இல்லயே."

"முடிய சாமிக்குக் குடுத்துட்டு வர்றோம். அங்க போய்க் கேளுங்க."

அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மேசையைத் தட்டினேன். "எந்த மடையன் போட்ட ரூலு இது?"

அவர் ஒரு கோப்பைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். "இந்த மடையன்தான் தம்பி. பேர் போட்டு எழுதிருக்கான். மேலதிகாரி பாத்துட்டு, இனிமே இப்படியே பண்ணுங்கன்னுட்டாரு. ரூல் அன்டே ரூல், அவ்வளவுதான்."

என் கையெழுத்து. அடியில் கோடு வேறு போட்டிருந்தேன், இரண்டு.

நான் நகரவில்லை. "இவர்தான் அவர்னு எழுதுற வரைக்கும் போவ மாட்டேன்" என்று கத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். நைனாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கத்திக்கொண்டே இருந்தேன். ஆபீஸ் மூட அரை மணி இருக்கும்போது எனக்குத் தொண்டை கட்டியது. நைனா எழுந்து உள்ளே போனார்.

"சார், படத்துக்கு அடுத்த பக்கம் அங்க அடையாளம் எழுதியிருக்கும். படிங்க."

"உச்சந்தலையில் மூன்று விரல் நீளத் தழும்பு" என்று படித்த குமாஸ்தா, எழுந்து வந்து சந்தனத்தைத் துண்டால் துடைத்தார். தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

"எப்டி ஆச்சு பெரியவரே?"

"இவனுக்கு ஆறு வயசு. பொரி உருண்டை வாங்கித் தரலன்னு சொம்பால அடிச்சான்."

குமாஸ்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வந்ததுமே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல நைனா?"

"நீ எங்கடா பேச விட்ட?"

நைனா சாகும்வரை பென்ஷன் வாங்கினார். இன்றைக்கும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் என் பெண்டாட்டி ஒரு சொம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள்.

"எறிங்க. தழும்பு நாளைக்கு என் பென்ஷனுக்கு ஆவும்."