கயிறு அறுந்தால் என்ன ஆகும்?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் என் வீட்டில் தங்கிப் படிக்கும் உன் மகளும் நலம். உன் ரத்த அழுத்தம் அளவோடு இருக்கும் நேரமாகப் பார்த்து மேற்கொண்டு படிக்கவும்.

நீ சொன்னபடியே சனிக்கிழமை அவள் போகும் வகுப்புக்குப் போனேன். நகரத்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கும் வேலைக்கும் தயார் செய்ய எங்கள் பல்கலைக்கழகம் நடத்தும் இலவச வகுப்பின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அதன் சுவரொட்டியை நூலகக் கதவில் ஒட்டுபவளே நான்தான். உன் மகள் லிஃப்ட் பழுதுபார்க்கும் படிப்பை மறந்து கணக்கியலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மாதக் கடைசிவரை நாள் இருக்கிறது, அவளை வழிக்குக் கொண்டுவருவது மட்டுமே என் வேலை என்று மூலையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மாதிரி நேர்காணல். கேள்வி கேட்கும் மூவரில் ஒருவர் வராததால் ஒருங்கிணைப்பாளர் என்னைப் பிடித்து மேசைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார், ஒரு பக்கம் வேதியியல் பேராசிரியை, மறுபக்கம் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், முதல் ஆளாக உள்ளே வந்தவள் உன் மகள். காலையில் என் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு போனவள், "வணக்கம் மேடம்" என்கிறாள்! நான் விடுவேனா? நீ எழுதி அனுப்பிய கேள்வியை அப்படியே படித்தேன். "கணக்கியல் படிச்சா என்ன குறைஞ்சு போயிடும்?"

"மேடம், இதை எங்கப்பா தினம் ஃபோன்ல கேக்கறார். நீங்க உங்க கேள்வியைக் கேளுங்க."

மேலாளர் சிரித்துவிட்டார். லிஃப்ட் பயத்தினால் இருபத்திரண்டு வருடம் நான்கு மாடியும் படியில் ஏறி இறங்கியவளுக்குக் கேள்வியா இல்லை? "கயிறு அறுந்தா என்னம்மா ஆகும்?"

"ஒரு கயிறு இல்ல மேடம், அஞ்சாறு இருக்கும். எல்லாமே போனாலும் அடியில இருக்கற பிரேக் ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கும். பெட்டி அப்படியே நின்னுடும்."

அப்புறம் கதவு ஏன் தன் கையை மட்டும் கடிக்கிறது என்று பேராசிரியை கேட்க, மூன்றாம் மாடியில் வரும் குலுக்கல் எதனால் என்று மேலாளர் கேட்க, பத்து நிமிட நேர்காணல் முக்கால் மணி ஓடி, வெளியே காத்திருந்த பிள்ளைகள் கதவைத் தட்டியபிறகுதான் அவளை விட்டோம். திரும்பும்போது, "வாங்க அத்தை, நான் இருக்கேன்ல" என்றாள். லிஃப்டில் ஏறினேன். கண்ணை மூடவில்லை, பிரேக் எங்கே இருக்கும் என்று தரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை மேலே போய்விட்டு வந்தோம்.

இதனாலெல்லாம் நான் கட்சி மாறிவிட்டேன் என்று எண்ணாதே. விண்ணப்பம் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. பெற்றவன் நீ, முடிவும் உன்னுடையது. நிதானமாக யோசித்துப் பதில் எழுது.

ஆசிகளுடன்,
அக்கா

பி.கு.: இழுப்பறையில் இருப்பது நகல் என்று சொல்ல விட்டுப்போயிற்று. பாதுகாவலர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு, அசலை இன்று காலை லிஃப்ட் படிப்புக்கே கொடுத்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே. உன் மதிப்பெண் அட்டைகளில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டது யார் என்று உன் மகளிடம் இன்னும் நான் சொல்லவில்லை.